நத்தானியேலின் காற்சட்டையும் மிஸூரிப் பாட்டியின் போர்வையும்

அது போர்வையாவதற்கு முன்னால் ஒரு மனிதர் உடம்பில் கிடந்த துணி. அமெரிக்காவின் தெற்கே, அலபாமா மாநிலத்தில், பருத்திக் காட்டில் ஏர் ஓட்டவும் களை வெட்டவும் நத்தானியேல் பெட்வே போட்டுக்கொண்ட காற்சட்டைகள், சட்டைகள். வெயிலில் நீலம் வெளுத்து, துவைத்துத் துவைத்து மெல்லிசாகிப் போனவை. 1942-இல் அவருடைய மனைவி மிஸூரி பெட்வே அவற்றையெல்லாம் கிழித்து, பட்டை பட்டையாக ஒட்டி ஒரு போர்வை தைத்தார். ஏழரை அடி நீளம், ஆறடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். இன்று அது வாஷிங்டனில் உள்ள தேசியக் கலைக்கூடத்தின் சொத்து.

வயலிலிருந்து கட்டிலுக்கும், கட்டிலிலிருந்து கலைக்கூடத்துக்கும் அந்தத் துணி போன பாதையைச் சொல்ல வேண்டுமானால் முதலில் அது பிறந்த ஊரைச் சொல்ல வேண்டும். ஊரின் பெயர் ஜீஸ் பெண்ட். தபால் முகவரியில் பாய்கின் என்று இருக்கும். அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைந்து ஓட, நடுவில் நாக்கு நீட்டியதுபோல் கிடக்கும் நிலம். வெளியே போக ஒரே சாலை. அக்கரையில் இருக்கிறது வில்காக்ஸ் மாவட்டத்தின் தலைமையிடமான கேம்டன். படகில் போனால் பக்கம். சாலை வழியே சுற்றிப் போனால் ஒரு மணி நேரம்.

1816-இல் ஜோசப் ஜீ என்ற பண்ணைக்காரர் வட கரோலினாவிலிருந்து வந்து இங்கே பருத்தித் தோட்டம் போட்டார். அவர் வாரிசுகள் பட்ட கடனுக்கு ஈடாக 1845-இல் தோட்டம் மார்க் பெட்வே என்ற உறவினர் கைக்கு மாறியது. அவர் தன் அடிமைகள் ஏறக்குறைய நூறு பேரை வட கரோலினாவிலிருந்து அலபாமா வரைக்கும் நடத்தியே கூட்டிவந்தார். அந்த மனிதர்களுக்குச் சொந்தப் பெயரின் பின்னால் போட்டுக்கொள்ள எஜமானின் பெயரைத் தவிர வேறு பெயர் விட்டுவைக்கப்படவில்லை. அதனால்தான் இன்றும் அந்த ஊரில் நிறையப் பேர் பெட்வே. ஒருவருக்கொருவர் இரத்த உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெட்வே.

மிஸூரியின் மகள் அர்லோன்ஸியாவுக்குத் தன் கொள்ளுப்பாட்டி வரைக்கும் வம்சம் தெரியும். டைனா மில்லர் என்ற அந்தக் கொள்ளுப்பாட்டி, பதின்மூன்று வயதில் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர் என்பது குடும்பத்தில் வாய்வழியாக வந்த வரலாறு. 1859 என்று வருஷமும் சொல்வார்கள். வெளியிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதை அமெரிக்கச் சட்டம் 1808-லேயே தடுத்துவிட்டது. தடுத்து அரை நூற்றாண்டு ஆன பிறகும் இருட்டில் கப்பல்கள் அலபாமாக் கரைக்கு வந்துகொண்டுதான் இருந்தன. பாட்டி பேத்திக்குச் சொல்லி, பேத்தி தன் பேத்திக்குச் சொல்லி வந்த கதை அது. துணியை ஒட்டுப்போடும் கையும் கதையைக் கடத்தும் வாயும் அந்த வீட்டில் அதே பெண்களிடம்தான் இருந்தன. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் போர்வையின் பயணத்தில் இது மறுபடியும் வரும்.

1865-இல் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் நிலம் கைக்கு வரவில்லை. எஜமான் நிலச்சுவான்தார் ஆனார், அடிமை வாரக்காரர் ஆனார். விதைக்கும் உரத்துக்கும் சாப்பாட்டு மாவுக்கும் அக்கரைக் கடைக்காரரிடம் முன்கடன். அறுவடையில் அசலும் வட்டியும் போக மிச்சம் பெரும்பாலும் இருக்காது. கடன்பட்ட வெள்ளாமை எப்படி இருக்கும் என்று கரிசல் காட்டு விவசாயிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1920-களின் கடைசியில் பருத்தி விலை சரிந்தது. 1932-இல் ஜீஸ் பெண்ட் மக்களுக்குக் கடன் கொடுத்துவந்த வியாபாரி இறந்துபோக, கடனை வசூலிக்க அவர் மனைவியின் ஆட்கள் வந்து இறங்கினார்கள். கோவேறு கழுதை, மாடு, கோழி, கலப்பை, வண்டி, சேர்த்து வைத்திருந்த சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் குளிர்காலத்தை ஊர் காட்டில் கிடைத்ததைத் தின்றும், செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த மாவிலும் தாண்டியது.

1937-இல் மத்திய அரசுக்காக ஆர்தர் ராத்ஸ்டீன் எடுத்த புகைப்படங்களில் அந்த வீடுகளைப் பார்க்கலாம். மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடிசை. சுவரின் இடுக்குகளில் குளிர்காற்று நுழையாமல் இருக்க உட்புறம் முழுக்கப் பழைய செய்தித்தாள் ஒட்டியிருக்கும். அலபாமாவின் குளிர்காலத்தில் இரவு உறைநிலைக்கு இறங்கும். போர்வை அங்கே அழகுக்கு அல்ல, உயிருக்கு. கட்டிலில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல போர்வைகள் போட்டால்தான் பிள்ளைகள் தூங்க முடியும். கடையில் வாங்கப் பணமில்லை. வீட்டில் இருக்கும் துணி என்ன? உடுத்தித் தேய்ந்த வேலைத்துணி, மாவு வந்த சாக்கு, உரம் வந்த சாக்கு. இவைதான்.

செய்முறை எளிது என்று தோன்றும், ஆனால் கை அறியாதவருக்கு வராது. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கு. மேல்துணியைத்தான் துண்டு துண்டாக ஒட்டிச் சேர்ப்பார்கள். பருத்தி பறித்து முடிந்த காட்டில் செடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சப் பஞ்சையும், ஜின்னிங் ஆலைத் தரையில் கூட்டி அள்ளிய பஞ்சையும் குச்சியால் அடித்து அடித்துப் பரப்புவார்கள். பிரித்துத் தைத்த சாக்கு அடித்துணியாகும். மூன்றையும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, பஞ்சு ஒருபக்கம் ஒதுங்காமல் இருக்க மேலிருந்து கீழ் வரை நூலோட்டம் போடுவார்கள். மேல்துணியை ஒட்டுவது ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் தனியாகச் செய்கிற வேலை. நூலோட்டம் போட அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து சட்டத்தைச் சுற்றி உட்காருவார்கள். பாட்டும் ஜெபமும் ஊர்ப் பேச்சும் கூடவே நடக்கும். எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு என்பது மட்டும் ஒருத்தியின் முடிவு. அதில் இன்னொருத்தி கை வைக்க மாட்டாள்.

அந்த முடிவில்தான் இந்தப் பெண்களின் படைப்பு இருக்கிறது. அமெரிக்காவின் மற்ற இடங்களில் ஒட்டுப்போர்வைக்கு அச்சுப்பிசகாத வடிவங்கள் உண்டு, அளவுத்தாள் உண்டு. ஜீஸ் பெண்டிலும் சில வடிவங்களுக்குப் பெயர் உண்டு. சதுரத்துக்குள் சதுரமாகப் போகும் ஒன்றைக் 'கூரை' என்ற பொருளில் அழைப்பார்கள். ஆனால் அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு தன் இஷ்டப்படி வளைப்பதுதான் அங்கே மரியாதை. கோடு நேராகப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. துணி எங்கே தீர்ந்ததோ அங்கே நிறம் மாறும். மாறிய இடம் கண்ணுக்கு இதமாக இருக்கிறதா என்று அவள் தள்ளி நின்று பார்ப்பாள். இல்லையென்றால் பிரிப்பாள். வறுமையால் வந்த கலை என்று இதைச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. வறுமை அவர்களுக்குக் கந்தலைத்தான் கொடுத்தது. எதை எதன் பக்கத்தில் வைப்பது என்று தீர்மானித்த கண்ணை வறுமை கொடுக்கவில்லை.

இனி 1942-க்கு வருவோம். நத்தானியேல் எட்டு மாதம்போல் நோயில் கிடந்து இறந்தார். அர்லோன்ஸியாவுக்கு அப்போது பதினேழு, பதினெட்டு வயது. அப்பாவின் வேலைத்துணியை எடுத்துப் போர்வையாகத் தைக்கப் போகிறேன், அவர் நினைவாக இருக்கும், அன்புக்காக அதைப் போர்த்திக்கொண்டு படுப்பேன் என்று மிஸூரி மகளிடம் சொன்னார். இருந்தது சொற்பத் துணி. எல்லாவற்றையும் எடுத்தால்தான் ஒரு போர்வைக்குக் காணும். அம்மாவும் மகளும் உட்கார்ந்து கிழித்தார்கள். காற்சட்டையின் கால் கீழே குறுகி மேலே அகன்றிருக்கும். மேல்பக்கத்தை வெட்டி எடுத்துச் சமமான பட்டைகளாக்கும் வேலை மகளுக்கு. சட்டையின் பின்பாகமும் காலும் பட்டைகளாயின. பற்றாத இடத்தில் சாக்குத் துணியும் கார்டுராயும் சேர்ந்தன.

இந்தக் காட்சியை நான் எத்தனை முறை நினைத்தாலும் அந்தக் கத்தரிக்கோல் பிடித்த மகளிடம்தான் மனம் போய் நிற்கிறது. அப்பா போட்டு நடந்ததைப் பார்த்த காற்சட்டை. அதை அளந்து வெட்ட வேண்டும். துக்கத்தில் இருக்கும் பெண் பிள்ளைக்கு மிஸூரி ஆறுதல் வார்த்தை என்ன சொன்னார் என்று நமக்குத் தெரியாது. கையில் வேலை கொடுத்தார் என்பது தெரியும். எதை வெட்ட வேண்டும், எப்படிச் சமன் செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். துக்கமும் கைத்தொழிலும் ஒரே நாளில் மகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அர்லோன்ஸியா பின்னாளில் பேர்பெற்ற போர்வைக் கலைஞர் ஆனார்.

நம் பக்கம் இறந்தவர் துணியைப் பெரும்பாலும் வைத்துக்கொள்வதில்லை. ஆற்றில் விடுவோம், கொடுத்துவிடுவோம், கொளுத்திவிடுவோம். ஆனாலும் பாட்டி சேலையில் தூளி கட்டாத வீடு இருக்கிறதா? தாத்தாவின் பழைய எட்டுமுழ வேட்டி கிழிந்துதான் பேறுகால வீட்டுக்குப் போகும்; புதுத் துணி குழந்தையின் தோலுக்கு ஆகாது என்பார்கள். உடுத்தியவர் உடம்பில் பழகிய துணிக்கு ஒரு குணம் இருப்பதாக நம் பெண்களும் அறிந்திருக்கிறார்கள். ஆப்பிரிக்க வழியில் வந்த சித்தி இனத்துப் பெண்கள் கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் இன்றும் பழஞ்சேலை, பழஞ்சட்டைத் துண்டுகளை ஒட்டிக் 'கவந்தி' என்ற போர்வை தைக்கிறார்கள். அந்தப் போர்வைகளையும் ஜீஸ் பெண்ட் போர்வைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு வியப்பு வராமல் இருக்காது.

மிஸூரியின் போர்வை பல ஆண்டுகள் வெறும் போர்வையாக இருந்தது. இந்தப் பகுதியைப் பற்றி எழுத அதிகம் இல்லை. குளிருக்குப் போர்த்தினார்கள், அழுக்கானால் துவைத்தார்கள், வெயிலில் கொடியில் போட்டார்கள். ஆனால் அது தப்பிப் பிழைத்ததே பெரிய காரியம் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஜீஸ் பெண்டில் பழைய போர்வைகளுக்கு நல்ல முடிவு இருந்ததில்லை. நைந்ததும் தரையில் விரிப்பார்கள், சுவர் இடுக்கில் அடைப்பார்கள். கடைசியில் கொசு விரட்டப் புகை போட எரிப்பார்கள். தைத்தவர்களே எரித்தார்கள், இன்னொன்று தைக்கத் தெரியும் என்ற தைரியம் இருந்தது. எத்தனை நல்ல போர்வைகள் அப்படிப் புகையாகப் போயின என்று கணக்கில்லை. இந்த ஒன்று எரியவில்லை.

அது அந்த வீட்டில் கிடந்த காலத்தில் வெளியே உலகம் புரண்டது. மத்திய அரசு முன்பே வாங்கியிருந்த பண்ணையை ஊர் மக்களுக்கு நிலமாகவும் வீடாகவும் தவணையில் விற்றது. அதனால் அவர்களை ஊரைவிட்டுத் துரத்த யாராலும் முடியவில்லை. வாக்காளராகப் பதிவு செய்யக் கறுப்பு மக்கள் அக்கரைக்குப் போகத் தொடங்கிய 1962-இல் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. மறுபடி படகு விடப்பட்டது 2006-இல். நாற்பத்துநான்கு ஆண்டுகள் அக்கரையில் இருந்த ஊருக்குச் சுற்றிச் சுற்றிப் போனார்கள். 1965-இல் மார்ட்டின் லூதர் கிங் மழை நாளில் இந்த ஊருக்கு வந்து தேவாலயத்தில் பேசினார். 1966-இல் பக்கத்து ஊர்ப் பெண்களையும் சேர்த்து 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்ற தையல் கூட்டுறவு தொடங்கப்பட்டது. அதன் போர்வைகள் நியூயார்க் கடைகளுக்குப் போயின. பல பெண்களுக்கு ஊசியால் கையில் காசு வந்தது அப்போதுதான். ஆனால் கடைக்குப் போனவை கடைக்காரர் கேட்ட அளவில், கேட்ட வடிவில் தைத்தவை. கட்டிலுக்குத் தைத்தவை கட்டிலிலேயே இருந்தன.

மிஸூரி பாட்டியானார். பேரப்பிள்ளைகள் வளர்வதைப் பார்த்துவிட்டு 1981-இல் காலமானார். தன் போர்வை ஊரைவிட்டு வெளியே போகும் என்று அவர் நினைத்திருக்க நியாயமில்லை.

1990-களின் கடைசியில் பில் ஆர்னெட் என்ற அட்லாண்டாக்காரர், ஒரு புத்தகத்தில் விறகுக் குவியல்மேல் போட்டிருந்த போர்வையின் படத்தைப் பார்த்துவிட்டு அதைத் தைத்தவரைத் தேடி ஜீஸ் பெண்ட் வந்தார். பழம்போர்வை இருந்தால் கொடுங்கள், காசு தருகிறேன் என்றார். எரிக்க வைத்திருந்ததற்கெல்லாம் பணம் தருகிறானே என்று ஊர் ஆச்சரியப்பட்டது. நூற்றுக்கணக்கில் சேர்த்தார். 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், அதே ஆண்டு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் அவை சுவரில் தொங்கின. மிஸூரியின் போர்வையும் தொங்கியது. நியூயார்க் டைம்ஸின் கலை விமர்சகர், அமெரிக்கா ஈன்ற நவீனக் கலையின் அற்புதங்களில் இவையும் சேரும் என்ற பொருளில் எழுதினார். 2006-இல் பத்துப் போர்வைகளின் படங்கள் தபால் தலையாயின.

இவ்வளவு புகழ் வந்தால் காசு யாருக்கு என்ற கேள்வி வரும், வர வேண்டும். போர்வைகளின் வடிவங்கள் தரைவிரிப்பிலும் இன்னபிற பண்டங்களிலும் விற்பனைக்கு வந்தன. தங்களுக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்று 2007-இல் ஜீஸ் பெண்ட் பெண்கள் மூவர் வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டு வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. அந்த வழக்கின் நியாயத்தை நான் தீர்க்க முடியாது. ஆனால் ஏழைப் பெண்ணின் கைவேலையைப் புகழ்கிறவர்கள் கூலியைப் பற்றியும் அதே வாயால் பேச வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கும்பிடு போட்டுவிட்டுக் காசை மறப்பது நம் நாட்டிலும் பாய் முடைகிறவர்களுக்கும் கூடை பின்னுகிறவர்களுக்கும் நடக்கிறது.

2020-இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம் தெற்குப் பகுதியின் கறுப்பினக் கலைஞர்கள் படைத்த நாற்பது படைப்புகளைச் சேர்த்துக்கொண்டது. ஜீஸ் பெண்ட் போர்வைகள் அவற்றில் உண்டு. நத்தானியேலின் காற்சட்டை அங்கே போய்ச் சேர்ந்த வழி இதுதான். அது இப்போது எவரையும் போர்த்தாது. வெளிச்சம் படாமல், ஈரம் ஏறாமல், கையுறை போட்டவர்கள் கையில் இருக்கும்.

ஆனால் துணி தப்பியது பாதிதான். மீதிப் பாதியைக் காப்பாற்றியது அர்லோன்ஸியா. ஏறக்குறைய அறுபது ஆண்டு கழித்து, எண்பதை நெருங்கும் வயதில், அந்தப் போர்வை எப்படிப் பிறந்தது என்று அவர் உட்கார்ந்து சொன்னார். அம்மா என்ன சொன்னார், எந்தத் துணியைக் கிழித்தார்கள், காற்சட்டைக் காலை ஏன் வெட்ட வேண்டியிருந்தது என்பதையெல்லாம் சொன்னார். அவர் சொன்னது பதிவானது. அந்த ஒரு போர்வையைப் பற்றியே லிசா கெயில் காலின்ஸ் என்ற கலை வரலாற்றாசிரியர் 2023-இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அர்லோன்ஸியா 2008-இல் இறந்துபோனார். சொல்லாமல் போயிருந்தால்? நீலமும் பழுப்பும் வெளுப்பும் கலந்த பட்டைகளைப் பார்த்து, அழகான சேர்க்கை என்று சொல்லிவிட்டு அடுத்த சுவருக்கு நகர்ந்திருப்போம். ஒரு கணவனின் உடம்பு இதில் இருந்தது, ஒரு மனைவி இதைப் போர்த்திக்கொண்டு அழுதிருப்பாள், ஒரு மகள் கத்தரி பிடித்தாள் என்பது யாருக்கும் தெரிந்திருக்காது. அமெரிக்க அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய போர்வைகளில் பலவற்றின் பெயர்ப்பலகையில் தைத்தவர் பெயர் தெரியவில்லை என்றே எழுதியிருக்கிறது. தெரியாமல் போனதற்குக் காரணம், கேட்க வேண்டிய வயதில் யாரும் கேட்கவில்லை.

நம் வீடுகளிலும் பாட்டிமார் கையால் ஆனவை இருக்கின்றன. பழஞ்சேலையை அடுக்கித் தைத்த மெத்தைவிரிப்பு, மணி கோத்த பை, குரோஷா ஊசியில் பின்னிய ரேடியோ மூடி, பனையோலைக் கொட்டான், குறுக்குத்தையலில் கிளியும் பூச்சட்டியும் போட்டுக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிய படம். மகாபலிபுரத்துச் சிற்பியின் பெயர் தெரியவில்லை என்று வருந்துகிற நாம், அந்தக் கிளிப்படத்தை எந்த ஆண்டு, எந்த வீட்டில், யாருக்காகப் பாட்டி போட்டார் என்று கேட்டு வைத்துக்கொள்வதில்லை. இருக்கிற பாட்டியிடம் இந்த வாரமே போய்க் கேளுங்கள். துணி எங்கே வாங்கியது, யாருடைய சேலை, யார் சொல்லிக் கொடுத்தது, அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர் பேசுவதைப் போனில் பதிவு செய்யுங்கள். பாட்டி இல்லையென்றால் அத்தையோ சித்தியோ பெரியம்மாவோ இருப்பார்கள். கேட்டதை ஒரு வெள்ளைத் துணித்துண்டில் அழியாத மையால் எழுதுங்கள்: பாட்டியின் முழுப்பெயர், ஊர், வருஷம், யாருடைய துணி. எழுதி, அந்தப் பொருளின் பின்பக்கத்தில் தைத்துவிடுங்கள்.